சுமேரியரின் ஏடும் கோயிலும்

ஒரு சமுதாயத்தின் பெருமையை அளப்பதற்கு அதன் கோட்டைகளும் கோபுரங்களும் மட்டும் போதா. அம்மக்கள் எதனைக் கற்றனர், எதனைப் பாடினர், யாரைத் தொழுதனர், எளியவனுக்கு என்ன நீதி வழங்கினர் என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். இவ்வளவுகோலைக் கைக்கொண்டு, இற்றைக்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவிற் சிறந்து வாழ்ந்த சுமேரியரையும் அவர்தம் அயலவரையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம். அவர்களைப் பற்றி நம்மவரிடையே பல பேச்சுக்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. சுமேரியர் தமிழரே என்று துணிந்துரைப்பாரும் உளர். அக்கூற்று எவ்வளவு நிற்கத் தக்கது என்பதையும் இறுதியிற் காண்பாம்.

நாடும் மக்களும்

இன்றைய ஈராக் நாட்டின் தென்பகுதியே பண்டைச் சுமேரியா. யூபிரத்தீஸ், தைகிரீஸ் என்னும் இரு நதிகள் கொணர்ந்து கொட்டிய வண்டல் மண்ணால் ஆகிய சமவெளி அது. அங்கே மழை அருமை, கட்டடத்துக்கேற்ற கல் இல்லை, நல்ல மரமும் இல்லை, உலோகமும் இல்லை. இருந்தவை களிமண்ணும் நாணலும் நீருமே. இவற்றைக் கொண்டு அம்மக்கள் கால்வாய் வெட்டினர், பார்லி விளைத்தனர், பேரீந்து வளர்த்தனர், செங்கல் அறுத்து நகரங்களை எழுப்பினர். எரிது, உருக், ஊர், லகாஷ், நிப்பூர், உம்மா முதலியன அவருட் பெயர் பெற்ற நகரங்கள். ஒவ்வொரு நகரமும் ஒவ்வோர் அரசாக விளங்கியது; ஒவ்வொன்றுக்கும் காவல் தெய்வம் ஒன்று இருந்தது. அவர்கள் தம் நாட்டைக் 'கியெங்கி' என்றும், தம்மைக் 'கருந்தலையர்' என்றும் அழைத்தனர். 'சுமேர்' என்பது அவர்தம் வடபால் அயலவரான அக்காதியர் இட்ட பெயராகும்.

இத்துணைச் சிறப்புடைய மக்களை உலகம் முற்றாக மறந்திருந்தது என்பது வியப்புக்குரியது. கிரேக்க வரலாற்றாசிரியர் எவரும் அவர் பெயரைக் குறித்திலர். 19ஆம் நூற்றாண்டில் ஆப்பெழுத்துக்களைப் படிக்கும் முயற்சி நிகழ்ந்தபோதே இவர்கள் மீண்டும் வெளிப்பட்டனர். 1857ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள அரச ஆசியக் கழகம் ஓர் அசீரியச் சாசனத்தின் படியை ரோலின்சன், ஹிங்ஸ், தால்பொற், ஒப்பேர் என்னும் அறிஞர் நால்வர் தனித்தனியே மொழிபெயர்க்குமாறு செய்தது. நால்வர் கண்ட பொருளும் பெரும்பாலும் ஒத்திருந்தமையால், அவ்வெழுத்தின் மறை அவிழ்ந்தது என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. அவ்வெழுத்தை முதலில் ஆண்டவர் அசீரியரல்லர், வேறொரு மொழியினர் என்பது பின்னர்ப் புலனாயிற்று. 1869இல் ஒப்பேர் அம்மொழிக்குச் சுமேரியம் என்னும் பெயரைச் சூட்டினார். 1877 முதல் தெல்லோவிலும், 1889 முதல் நிப்பூரிலும், 1922 முதல் 1934 வரை லெனாட் வூலியின் தலைமையில் ஊர் நகரிலும் நிகழ்ந்த அகழ்வுகள் அம்மக்களின் வாழ்வை மண்ணிலிருந்து மீட்டுத் தந்தன.

எழுத்தும் ஏட்டில்லமும்

எழுத்து கவிதைக்காகத் தோன்றியது என்று நாம் எண்ணுதல் இயல்பு. ஆனால், உருக் நகரிற் கிடைத்த, கி. மு. 3300 - 3000 காலத்துக் களிமண் ஏடுகளிற் பெரும்பாலானவை கணக்குகளே. இத்தனை ஆடு, இத்தனை படி பார்லி, இன்னாருக்கு இவ்வளவு கூலி என்பனவே அவற்றுட் காணப்படுவன. பண்டசாலைக் கணக்கனின் தேவையிற் பிறந்த எழுத்து, சில நூற்றாண்டுகளின் பின்னரே புலவன் கைக்கு வந்தது. ஈரக் களிமண்ணில் நாணற் குச்சியின் முனையை அழுத்துதலால் விழும் ஆப்பு வடிவமே அவ்வெழுத்தின் உறுப்பாகும். வெயிலில் உலர்ந்தாலும் நிலைக்கும். தீயில் வெந்தாலோ மேலும் உறுதி பெறும். பகைவர் நகரை எரித்தபோது ஓலையும் தோலும் சாம்பராகும்; களிமண் ஏடோ அத்தீயினாலேயே நெடுவாழ்வு பெற்றது. சிரியாவிலுள்ள எப்லா நகரின் அரண்மனை எரிந்ததனாலன்றோ அதன் ஏட்டுத்தொகுதி 1974, 1975ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் நமக்குக் கிடைத்தது! அவற்றுட் சுமேரியச் சொற்களுக்கு எப்லா மொழியிற் பொருள் கூறும் பட்டியல்களும் உள. உலகின் மிகப் பழைய இருமொழி அகராதிகள் என அவற்றைக் கூறலாம்.

எழுத்தைக் கற்பித்த பள்ளிக்கு 'எதுப்பா' என்பது பெயர். ஏட்டில்லம் என்பது அதன் பொருள். பள்ளியின் தலைவர் 'உம்மியா' எனப்பட்டார். மாணவனைப் 'பள்ளியின் மகன்' என்றும், ஆசிரியருக்குத் துணை நின்று பாடங்கேட்ட மூத்த மாணவனைப் 'பெரிய அண்ணன்' என்றும் அழைத்தனர். பள்ளியை ஒரு குடும்பமாகக் கருதிய அம்மரபு நம் உள்ளத்துக்கு இசைந்ததாகும். நிப்பூரில் 1951-52இல் அகழப்பட்ட ஒரு சிறு வீட்டில் மட்டும் ஏறக்குறைய 1,400 ஏடுகளும் ஏட்டுத் துண்டுகளும் கிடைத்தன. ஆசிரியன் கையும் மாணவன் கையும் அடுத்தடுத்து எழுதிய பயிற்சி ஏடுகள் அவற்றுட் பல.

அப்பள்ளி வாழ்வைச் சித்திரிக்கும் கதையொன்றை அமெரிக்க அறிஞர் சாமுவேல் நோவா கிரேமர் 1949இல் வெளியிட்டார். மாணவன் ஒருவன் பிந்தி வருகின்றான், அடி படுகின்றான். பேசியதற்கு அடி, எழுந்து நின்றதற்கு அடி, எழுத்து நன்றாக அமையாததற்கு அடி. மனம் நொந்த சிறுவன் ஆசிரியரை வீட்டுக்கு அழைக்குமாறு தந்தையை வேண்டுகின்றான். தந்தை அவரை உயர்ந்த இருக்கையில் இருத்தி விருந்திட்டு, புத்தாடையும் மோதிரமும் அளிக்கின்றார். உடனே ஆசிரியர் மனங் குளிர்ந்து அச்சிறுவனை வாயார வாழ்த்துகின்றார்! நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் பிள்ளையும் பிதாவும் ஆசானும் இவ்வாறே இருந்தனர் என்பதை எண்ணும்போது முறுவல் தோன்றாதிருக்குமோ?

இலக்கியச் செல்வம்

சுமேரிய இலக்கியத்தில் தெய்வத் துதிகள், புராணக் கதைகள், வீர காவியங்கள், பழமொழிகள், வாதப் பாட்டுக்கள், புலம்பல்கள் எனப் பல வகை உண்டு. இவற்றுள் மூன்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

முதலாவது, என்ஹெடுவன்னாவின் பாடல்கள். கி. மு. 24, 23ஆம் நூற்றாண்டுகளில் சுமேரியாவை வென்று ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த அக்காதிய மன்னன் சார்கனின் மகள் இவ்வம்மையார். ஊர் நகரிலே நன்னா என்னும் சந்திரக் கடவுளின் கோயிலில் தலைமைக் குருவாகப் பணி புரிந்தார். இனன்னா என்னும் தேவியைக் குறித்துப் பாடிய நெடும்பாடலில், பகைவனொருவன் தம்மைக் கோயிலினின்றும் துரத்திய துயரைத் தம் பெயரோடு சேர்த்து முறையிடுகின்றார். அப்பாடலின் இன்றுள்ள படிகள் அவர் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை ஆகலின், அவரே பாடினாரா என்று ஐயுறுவாரும் உளர். எனினும் அவர் வாழ்ந்தமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அவர் உருவமும் பெயரும் பொறித்த வட்டக்கல்லை வூலியின் குழுவினர் ஊர் நகரிற் கண்டெடுத்தனர். உலகில் பெயர் அறியப்பட்ட முதற் புலவர் ஒரு பெண் என்பதை நம் சங்கத்துச் சகோதரிகள் மனத்திற் பதித்துக்கொள்வாராக.

இரண்டாவது, கில்கமேஷ் காவியம். உருக் நகரின் மன்னனாகப் போற்றப்பட்ட கில்கமேஷைப் பற்றிச் சுமேரியர் தனித்தனிப் பாடல்கள் பாடினர். அக்காதியரும் பாபிலோனியரும் அவற்றைத் தம் மொழியிற் புதுக்கி ஒரே காவியமாக்கினர். அசீரிய மன்னன் அசூர்பனிபாலின் நினிவே நூல்நிலையத்திற் கிடைத்த வடிவம் 12 ஏடுகளைக் கொண்டது. 11ஆம் ஏட்டிலுள்ள பெருவெள்ளக் கதையை ஜோர்ஜ் சிமித் 1872இல் இலண்டனில் வெளியிட்டபோது, விவிலியத்து நோவாவின் கதையோடு அது ஒத்திருத்தல் கண்டு ஐரோப்பா திகைத்தது. ஆயினும் காவியத்தின் உயிர் வெள்ளத்தில் இல்லை. ஆருயிர் நண்பன் எங்கிடுவின் சாவைக் கண்டு நடுங்கிய மன்னன், சாவாமையைத் தேடி உலகின் எல்லை வரை செல்கின்றான். அரிதிற் பெற்ற இளமை மூலிகையையும் பாம்பொன்று கவர்ந்து செல்கின்றது. வெறுங்கையனாய் மீண்டவன், தான் எழுப்பிய உருக் நகரின் மதிலைத் தன் துணைவனுக்குக் காட்டி நிற்கின்றான். மனிதன் மாய்வான், அவன் செய்த நற்பணி நிற்கும் என்பதே அதன் உட்பொருள் என நாம் கொள்ளலாம்.

மூன்றாவது, ஊர் நகரின் அழிவைக் குறித்த புலம்பல். கி. மு. 2004 அளவில் கீழ்த்திசை அயலவரான ஏலாமியர் படையெடுத்து ஊர் நகரைச் சூறையாடினர்; மன்னன் இப்பி-சின் சிறைப்பட்டு ஏலாமுக்குக் கொண்டு செல்லப்பட்டான். நகரைக் காக்குமாறு நிங்கால் தேவி பெருந் தெய்வங்களின் அவையில் அழுது மன்றாடுவதாகவும், அவை இணங்காமை கண்டு கதறுவதாகவும் புலவன் பாடினான். வென்றவரின் புகழைப் பாடும் சாசனங்கள் ஆயிரம் இருக்க, தோற்ற நகரின் கண்ணீரை நானூறு அடிகளுக்கு மேலாகப் பாடி, அதனைப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக எழுதிப் பயிலச் செய்த அம்மக்களின் உள்ளம் பெரிது.

கோயிலும் வழிபாடும்

வானத்துக்கு ஆன், காற்றுக்கு என்லில், நன்னீருக்கும் அறிவுக்கும் என்கி, சந்திரனுக்கு நன்னா, சூரியனுக்கும் நீதிக்கும் உத்து, காதலுக்கும் போருக்கும் இனன்னா எனத் தெய்வங்களை அவர்கள் வழிபட்டனர். நிப்பூரிலுள்ள என்லிலின் கோயில் நாடு முழுவதற்கும் பொதுவாய தலமாக மதிக்கப்பட்டது. ஊர் நகரில் ஊர்-நம்மு மன்னன் தொடங்கி அவன் மகன் சுல்கி முடித்த படிக்கோபுரத்தின் அடித்தளம் இன்றும் நிற்கின்றது. ஏறக்குறைய 200 அடி நீளமும் 150 அடி அகலமும் உடையது அது. நூறு நூறு படிகளைக் கொண்ட மூன்று படிவரிசைகள் அதன் மீது ஏறிச் சென்றன.

கோயில் தெய்வத்தின் இல்லம் என்பதே அவர் கொள்கை. திருவுருவத்தை நாள்தோறும் நீராட்டி, ஆடை அணிகலன் சாத்தி, வேளை தவறாது அமுது படைத்து, பாட்டும் யாழும் ஒலிக்கச் செய்தனர். விழா நாளில் வெளியே எழுந்தருளப் பண்ணினர். புதிதாகச் செய்த உருவத்துக்கு 'வாய் கழுவுதல்' என்னும் சடங்கை ஆற்றிய பின்னரே அது தெய்வத் தன்மை பெறும் என நம்பினர். கோயில் வழிபாட்டிற் பழகிய நமக்கு இவை அயலாகத் தோன்றா. 1930களில் தெல் அஸ்மாரில் ஒரு கோயிற்றரையின் கீழ்ப் புதைக்கப்பட்டிருந்த 12 சிலைகள் வெளிப்பட்டன. பெரிதும் விழித்த கண்களும் மார்பின் முன் கூப்பிய கரங்களுமாக அவை நிற்கின்றன. கோயிலில் எப்பொழுதும் நிற்க இயலாத அடியவர், தமக்குப் பதிலாக இடையறாது தொழுது நிற்குமாறு வைத்த உருவங்கள் அவை. அக்கண்களின் ஏக்கத்தை ஒரு முறை படத்திற் பார்த்தவரும் மறத்தல் அரிது.

ஒற்றுமை கண்டவிடத்து வேற்றுமையையும் காணுதல் முறை. தெய்வங்களின் உழைப்பைத் தாங்குதற்காகவே மனிதன் களிமண்ணாற் படைக்கப்பட்டான் என்பது அவர் புராணம். இறந்தோர் செல்லும் இடம் மீளா நாடு. அங்கே புழுதியும் இருளுமே உண்டு. மறுபிறப்பு, வீடுபேறு என்னும் கருத்துக்களை அவர் ஏடுகளில் நாம் காணோம். ஊர் நகரின் அரச கல்லறைகளில் ஒன்றில் 74 பேர் தம் தலைவரோடு ஒருங்கே புதைக்கப்பட்டிருந்தனர்; அவருட் பெரும்பாலார் பொன் அணிந்த மகளிர். அவர்கள் நஞ்சுண்டு அமைதியாக உறங்கினர் என்று வூலி கருதினார். 2009 அளவில் இரண்டு மண்டையோடுகளைக் கதிர்ப்படங் கொண்டு ஆராய்ந்தபோது, தலையில் அடித்துக் கொல்லப்பட்ட தடயம் தோன்றியது. பழைமை என்பதற்காகவே எதனையும் போற்றுதல் கூடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எளியோர்க்கு நீதி

சமயம் செல்வாக்குப் பெறும் இடத்தில் அதன் பெயரால் கொள்ளையும் புகுதல் உண்டு. கி. மு. 2350 அளவில் லகாஷ் நகரை ஆண்ட உருகாகினா இதனைக் கண்டு திருத்த முற்பட்டான். அவன் சாசனம் கூறுமாற்றான், பிணம் ஒன்றை அடக்கஞ் செய்வதற்கு 7 சாடி மதுவும் 420 அப்பமும் முன்னர் அறவிடப்பட்டன; அவன் அதனை 3 சாடியாகவும் 80 அப்பமாகவும் குறைத்தான். ஏழைத் தாயின் தோட்டத்துட் புகுந்து கனி கவர்ந்த கோயில் அதிகாரியைத் தடுத்தான். விதவையையும் அநாதையையும் வலியவன் கையில் விடுவதில்லை என்று தன் தெய்வத்தோடு உடன்படிக்கை செய்தான். விடுதலையைக் குறிக்க லகாஷ் மன்னர்கள் ஆண்ட சொல் 'அமார்கி' என்பது. 'தாயிடம் திரும்புதல்' என்பது அதன் நேர்ப்பொருள். கடனுக்காக அடிமைப்பட்டவன் விடுபட்டு வீடு திரும்பும் காட்சியை அச்சொல் நம் கண்முன் நிறுத்துகின்றதன்றோ!

பின்னர் வந்த ஊர்-நம்முவின் பெயரால் வழங்கும் சட்டத்தொகுதி, இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது. ஒருவன் பிறனுடைய உறுப்பைச் சிதைத்தால் வெள்ளியால் தண்டம் இறுக்க வேண்டும் என்பது அதன் விதி. அதற்கு 300 ஆண்டுகளுக்குப் பிற்பட்ட பாபிலோனிய அம்முராபியின் 282 விதிகளோ, சமநிலையுடைய சுதந்திரர்க்கிடையே கண்ணுக்குக் கண் என்கின்றன. காலம் செல்லச் செல்ல மனித குலம் தானாகவே இரக்கம் பெறும் என்று நாம் வாளா இருத்தல் ஆகாது.

சுமேரியரும் தமிழரும்

இனி, முன்னர்க் குறித்த வினாவுக்கு வருவாம். சுமேரியர் இந்தியாவிலிருந்து சென்ற திராவிட இனத்தவராகலாம் என ஆங்கில அறிஞர் எச். ஆர். ஹோல் 1913இல் எழுதினார். அது முதலாக, 'ஊர்' என்னும் நகரப் பெயரையே சான்றாகக் காட்டிப் பலர் உறவு கொண்டாடினர். ஆனால் அந்நகரைச் சுமேரியர் 'உரிம்' என்றே அழைத்தனர். சுமேரியமும் தமிழைப் போன்று ஒட்டுநிலை மொழிதான். துருக்கியமும் யப்பானியமும் அத்தகையனவே. மேலும், தமிழ் வினைச்சொல் பின்னொட்டுக்களாலேயே ஆவது; சுமேரிய வினையோ முன்னொட்டுக்களின் நீண்ட தொடரைத் தாங்குவது. இன்றைய மொழியறிஞர் பெரும்பாலார் சுமேரியத்தை எம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனி மொழியாகவே கொள்கின்றனர்.

அங்ஙனமாயின் தொடர்பே இல்லையோ எனின், உண்டு; அது குருதியாலன்றி வணிகத்தால் நிறுவப்பட்டது. தில்முன், மகான், மெலுகா என்னும் நாடுகளின் கப்பல்கள் தன் அக்காது நகரத் துறையில் நங்கூரமிட்டதாகச் சார்கன் பெருமிதத்தோடு பொறித்தான். தில்முன் பாரேன் தீவும் அதன் சூழலும். மகான் ஓமான் பகுதி. மெலுகா சிந்துவெளி என்பது ஆராய்ச்சியாளரிற் பலரின் துணிபு. சிந்துவெளி முறையில் அமைந்த முத்திரைகள் ஊர் நகரிற் கிடைத்தமையை சி. ஜே. காட் 1932இல் வெளியிட்டார். அங்குள்ள கல்லறைகளில் சிந்துவெளிக் கைவினையான சிவந்த மணிகளும் கிடைத்தன. பாரிஸ் லூவர் நூதனசாலையிலுள்ள அக்காதியர் காலத்து உருளை முத்திரையொன்று, சூ-இலிசூ என்பானை 'மெலுகா மொழிபெயர்ப்பாளன்' என்று குறிக்கின்றது. இச்சிறு முத்திரை நமக்குப் பேருண்மை ஒன்றைப் புகட்டுகின்றது: மெலுகரும் மெசொப்பொத்தேமியரும் ஒரே மொழியினராயின் இடையில் மொழிபெயர்ப்பாளன் எதற்கு? சிந்துவெளி எழுத்து இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. அம்மொழி திராவிடமாகலாம் என்னும் கருத்துக்கு வலுவான ஆதரவாளர் உளர். அது நிறுவப்படும் நாள் வருமாயின் மகிழ்வோம். அதுகாறும், நம் மொழியின் பெருமைக்குப் பிறர் வீட்டு மதில் துணை வேண்டுவதில்லை.

முடிவுரை

சுமேரிய மொழி கி. மு. 2000ஐ அடுத்த காலத்திற் பேச்சு வழக்கொழிந்தது. ஆயினும் கோயிற் குருக்களும் பள்ளி ஆசிரியரும் அதனைக் கைவிட்டிலர். பாபிலோனியர், அசீரியர் எனப் பிற மொழியினரே ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு அதனை ஓதியும் எழுதியும் காத்தனர். கி. பி. முதல் நூற்றாண்டளவில் கடைசி எழுத்தனும் மறைந்தபின், களிமண் மட்டுமே அதனைக் காத்தது. அவர்தம் ஆயன் தெய்வமான துமுசியின் பெயர் ஈராக்கில் யூலை மாதத்தின் பெயராகத் 'தம்மூஸ்' என இன்றும் வழங்குகின்றது. 2003ஆம் ஆண்டுப் போரின்போது பாக்தாத் நூதனசாலையிலிருந்து ஏறக்குறைய 15,000 பொருட்கள் சூறையாடப்பட்டன. உருக் நகரின் ஐயாயிரமாண்டுப் பழைமை வாய்ந்த கற்கலசமும் அவற்றுள் ஒன்று. உடைந்த துண்டுகளாக அது மீண்டு வந்தது. வராதன பல. ஐயாயிரம் ஆண்டு மண் காத்ததை மனிதன் சில நாட்களிற் சிதைத்தான்.

ஆதலின், இளைஞர்காள்! பழம்பெருமை பேசுதல் எளிது. பழைய ஏட்டைப் பேணுதலும், அதனைப் பிழையறப் படித்தலும், படித்தவாறு உரைத்தலும் அரிய தொண்டுகள். சுமேரியரை நம் இனத்தவர் என்று சொல்லிக்கொள்வதால் நமக்கு ஒன்றும் கூடிவிடாது. அடக்கக் கூலியைக் குறைத்த உருகாகினாவிடமும், தோற்ற நகருக்காக அழுத புலவனிடமும், களிமண்ணைக் கையிலெடுத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவித்த ஆசானிடமும் கற்றுக்கொள்வோமாயின் நம் சமுதாயத்துக்கு நன்மை உண்டாகும். அக்கல்வியை நம் சங்கத்து இளைஞர் மேற்கொள்வாராக. முதியோர் அதற்கு வழிகாட்டுவாராக.